வலி மருந்தும் மலச்சிக்கலும்



தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்காக ஜெபிக்கச் சொல்லி எங்களிடம் வருகிறவர்கள் காய்ச்சலைச் சொல்வார்கள், மூச்சுத் திணறலைச் சொல்வார்கள். நான்கு நாட்களாக மலம் கழியவில்லை என்று சொல்ல மட்டும் கூச்சப்படுவார்கள். செவிலியரோ அதைத் தவறாமல் குறித்து வைக்கிறார்கள்.

செயற்கைச் சுவாசக் கருவியில் இருப்பவர்களுக்கு மார்ஃபின், ஃபென்டனில் முதலிய அபின் வகை மருந்துகள் பெரும்பாலும் தொடர்ந்து செலுத்தப்படுகின்றன. மூளையில் வலியை அடக்க இவை பற்றிக்கொள்ளும் அதே ஏற்பிகள் குடற்சுவரின் நரம்புகளிலும் உண்டு. அங்கே மருந்து பற்றியதும் குடலின் அசைவு மந்தமாகிறது, சுரப்பு குறைகிறது, தேங்கிய மலம் இறுகுகிறது. குமட்டலும் மயக்கமும் நாளடைவில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகுவதில்லை. வயிறு உப்பி உதரவிதானத்தை மேலே தள்ளினால், கருவியை விட்டுச் சொந்தமாக மூச்சு விடுவதும் கடினமாகும். நினைவற்றுக் கிடப்பவரால் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

“இஸப்கோல் கொடுக்கலாமே, ஐயா?” என்று உறவினர்கள் கேட்பதுண்டு. அது வேண்டாம். மந்தமான குடலில் நார்ச்சத்து கட்டியாகி அடைத்துக்கொள்ளக்கூடும். குடலைத் தூண்டும் சென்னா அல்லது பைசகோடில், நீரை ஈர்க்கும் லாக்டுலோஸ் அல்லது பாலிஎத்திலின் கிளைகால் ஆகியவையே வழக்கம். சென்னா என்பது நம் நிலாவாரைதான். உலகச் சந்தையில் அதற்குத் திருநெல்வேலியின் பெயரே வழங்குகிறது! சிக்கல் வரட்டும் என்று காத்திராமல், வலி மருந்தோடு சேர்த்தே தொடங்குவது நல்லது. பலன் இல்லையேல் எனிமா. குடலடைப்பு இல்லை என்பதை மருத்துவர் முதலில் உறுதி செய்துகொள்வார். அடைப்பிருக்கும்போது குடலைத் தூண்டுவது ஆபத்து.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் லியான் கோல்ட்பர்க், புற்றுநோயால் வருந்திய நண்பர் மலச்சிக்கலுக்குப் பயந்து மார்ஃபினையே மறுத்ததைக் கண்டு, 1979இல் மெத்தில்நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்தை ஆராயத் தொடங்கினார். அது மூளைக்குள் எளிதில் புகாது. ஆகையால் வலி நிவாரணம் கெடாமல் குடல் மட்டும் விடுபடும். 2008இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் பிரிட்டனில் 84 தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் சோதித்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஊசியைப் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் மலம் கழியும் நேரத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. புதிய மருந்து என்றதும் நிதி திரட்ட முன்வரும் அன்பர்களுக்கு இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. விலை குறைந்த மருந்தும், நாள்தோறும் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் செவிலியருமே இங்கே முதல் தேவை.

வலி மருந்தையே நிறுத்தச் சொல்லும் குடும்பத்தாரும் உண்டு. வேதனையைக் கூட்டி வயிற்றைச் சரிசெய்ய வேண்டியதில்லை என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுகிறோம். பார்வை நேரத்தில் செவிலியரிடம், “கடைசியாக எப்போது மலம் கழிந்தது?” என்று கூச்சமின்றிக் கேளுங்கள்.