தாத்தாவின் தட்டு

தாத்தாவுக்கு நடுக்குவாதம். பார்க்கின்சன் நோய் என்றும் சொல்வார்கள். கை நடுங்கும். நடை தளர்ந்துவிட்டது. இப்போது வெள்ளைத் தட்டில் சோறு தெரியவில்லை என்கிறார். கண்ணாடி மாற்றியும் பயன் இல்லை.

“மாமா சாக்குச் சொல்கிறார்” என்றார் மருமகள்.

அது சாக்கு அல்ல. இந்த நோயில் மூளையில் டோபமின் என்ற பொருள் குறைகிறது. விழித்திரைக்கும் அது வேண்டும். குறைந்தால் வெள்ளையில் வெள்ளை பிரிந்து தெரியாது. இமைப்பதும் குறையும். கண் உலர்ந்து எரியும். ஒரு பொருள் இரண்டாகத் தெரியலாம். இல்லாத ஆள் நிற்பது போலவும் தோன்றலாம். பேய் என்று மந்திரிக்க ஓடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது ஆபத்து.

மருமகள் பச்சைத் தட்டு வாங்கினார். வாசற்படி விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் அடித்தார். அன்று தாத்தா இரண்டாம் முறை சோறு கேட்டார்.