சுகர் மிஷினும் ஸ்ட்ரிப் டப்பாவும்

ஐ.சி.எம்.ஆர். நடத்திய நாடு தழுவிய நீரிழிவு ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. இந்திய அளவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, புதுச்சேரியில் 26.3. கோவாவுக்கு (26.4) அடுத்த இடம் நமக்குத்தான். நம் ஊர் அரியாங்குப்பத்தில் வீட்டுக்கு வீடு சுகர் மிஷின் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் மெடிக்கலில் விசாரிக்கும்போது எல்லாரும் மிஷினைப் பற்றியே கேட்கிறோம்: எந்தக் கம்பெனி, எத்தனை வருஷம் கியாரண்டி? ஸ்ட்ரிப்பை யாரும் கேட்பதில்லை. நம்முடைய தவறான நம்பிக்கைகளில் பலவும் இங்கேதான் முளைக்கின்றன.

உண்மையில் சர்க்கரையை அளப்பது ஸ்ட்ரிப். அதன் நுனி இரத்தத்தை உறிஞ்சியதும், உள்ளே உலர்ந்த பூச்சாக இருக்கும் நொதி குளுக்கோஸோடு வினைபுரிகிறது. அப்போது வெளிவரும் எலக்ட்ரான்களை ஃபெர்ரிசயனைடு போன்ற ஒரு வேதிப்பொருள் வாங்கி மின்முனையில் சேர்க்கிறது. அந்த நுண்ணிய மின்னோட்டத்தைப் படித்து எண்ணாகக் காட்டுவதே மிஷினின் வேலை. நொதியை மின்முனையோடு சேர்க்கும் யோசனையை அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க் 1962இல் முன்வைத்தார். அந்த வழியில் இயங்கும் வீட்டுக் கருவி 1987இல் பேனா வடிவில் கடைக்கு வந்தது.

“ஃபிரிட்ஜில் வைத்தால் ஸ்ட்ரிப் கெடாது.” இன்சுலினை ஃபிரிட்ஜில் வைக்கும் வீடுகளில் இந்த எண்ணம் இயல்பாக வந்துவிடுகிறது, டப்பாவும் இன்சுலின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துவிடும். குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்துத் திறந்தால் உள்ளே ஈரம் கோக்கும். ஈரம் பட்ட நொதி பலவீனமாகும், எண் கூடவும் குறையவும் செய்யும். கடலும் ஆறும் பக்கத்திலேயே உள்ள ஊர் நம்முடையது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள் உப்பே நீர்த்துப்போகிறது. டப்பாவின் உட்சுவரில் ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்திருப்பதே இதற்காகத்தான். ஸ்ட்ரிப்பைப் பிரித்து பர்ஸிலோ காகிதத்திலோ மடித்து வைத்தால் அந்தக் காவல் போய்விடும். ஒன்றை எடுத்தவுடன் மூடியை அழுத்தி மூடுங்கள். டப்பாவைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். பல கம்பெனிகள், திறந்தபின் இத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று தனியாகவே அச்சிட்டிருக்கின்றன.

“ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதும்.” போதாது. 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆரஞ்சு, திராட்சை, கிவி ஆகிய பழங்களை உரிக்கச் சொல்லி, கை கழுவாமல் விரலில் குத்திப் பார்த்தார்கள். எண் எங்கோ ஏறிப்போனது. ஸ்பிரிட்டால் பலமுறை துடைத்தும் இறங்கவில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவியபின்தான் சரியானது. ஸ்ட்ரிப் எடுத்துக்கொள்வது ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான இரத்தம். விரலில் ஒட்டிய பழச்சாறு அதில் துளி கலந்தாலே கணக்கு கெடும். பண்ருட்டிப் பலா வந்து இறங்கும் மாதங்களில் இதை மறக்கவே கூடாது. கழுவி, நன்றாகத் துடைத்து, காய்ந்த விரலில் குத்துங்கள்.

ஒரே நேரத்தில் இருமுறை பார்த்து 180, 196 என்று வந்தால் மிஷின் பழுது என்று முடிவுகட்டுகிறோம். சர்வதேசத் தர விதி (ஐ.எஸ்.ஓ. 15197, 2013) தருகிற சலுகையைப் பாருங்கள்: லேபில் 100க்கு மேல் உள்ள அளவுகளுக்கு, 95 சதவீத முடிவுகள் 15 சதவீதம் முன்பின் இருக்கலாம். லேபில் 200 என்றால் 170உம் சரி, 230உம் சரி. ஆகவே நோய் இருக்கிறதா என்று உறுதிசெய்ய லேபுக்குத்தான் போக வேண்டும்.

“எல்லா ஸ்ட்ரிப்பும் ஒன்றுதான்” என்ற நம்பிக்கை உயிரைக் குடித்திருக்கிறது. ஒருவகை ஸ்ட்ரிப்பின் நொதி, குளுக்கோஸையும் மால்ட்டோஸையும் பிரித்தறியாது. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிலருக்குச் செலுத்தும் திரவம் உடலில் மால்ட்டோஸாக உடையும். பொய்யாக உயர்ந்த எண்ணை நம்பி இன்சுலின் போட, சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்தது. 1997 முதல் 2009 வரை இவ்வகையில் 13 சாவுகள் பதிவானதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இல் எச்சரித்தது. இரத்தசோகையும் பல ஸ்ட்ரிப்புகளில் எண்ணைக் கூட்டிக் காட்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. நம் வீட்டுப் பெண்களின் எண்ணை இதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

விலை விஷயம் சுருக்கமாக. மிஷினை மலிவாகவோ இலவசமாகவோ கொடுத்து ஸ்ட்ரிப்பில் சம்பாதிப்பது இந்தத் தொழிலின் பழைய வழி. 2021 ஜூலையில் மத்திய அரசு குளுக்கோமீட்டரின் வணிக லாபத்துக்கு 70 சதவீத உச்சவரம்பு விதித்தது. ஆனால் மிஷின் ஒருமுறைச் செலவுதான். தினம் இருமுறை பார்ப்பவருக்கு வருஷத்துக்கு 730 ஸ்ட்ரிப் வேண்டும். 50 ஸ்ட்ரிப் டப்பா என்ன விலை, எப்போதும் கிடைக்குமா என்று கேட்டபிறகு மிஷினைத் தேர்ந்தெடுங்கள்.

குத்தாமலே சர்க்கரை காட்டும் வாட்ச், மோதிரம் என்று விளம்பரங்கள் வருகின்றன. அப்படி எதற்கும் அனுமதி தரவில்லை, நம்பி வாங்காதீர்கள் என்று அதே அமெரிக்க அமைப்பு 2024 பிப்ரவரியில் சொன்னது.

மேல்கையில் ஒட்டி 14 நாள் அணியும் சென்சார் வேறு. அது உண்மையான கருவி. மெல்லிய இழையில் அதே நொதி வேலைதான் நடக்கிறது. “இனி ஸ்ட்ரிப் தேவையில்லை” என்பது மட்டும் சரியல்ல. அது பார்ப்பது தோலுக்கடியில் உள்ள திரவத்தை. இரத்தத்தில் நடப்பது அங்கே தெரியச் சில நிமிடங்கள் பிந்தும். சர்க்கரை வேகமாக இறங்கும்போது அந்த நிமிடங்கள் பெரியவை. அந்தக் கையை அழுத்திப் படுத்தாலும் பொய்யாகக் குறைத்துக் காட்டும். வியர்த்து, கை நடுங்கும்போது சென்சார் 110 என்று சொன்னால், விரலில் குத்தித்தான் பார்க்க வேண்டும். சென்சார் போட்ட வீட்டிலும் தேதி தாண்டாத ஸ்ட்ரிப் டப்பா ஒன்று மூடியோடு இருக்கட்டும்.