பால் கறக்கும் பொறியின் உறிஞ்சலைக் குறைத்தல்

ஓரிரு பசுக்களை வளர்ப்போரும் இக்காலத்தில் சிறிய பால் கறக்கும் பொறிகளைக் கையாளுகின்றனர். உறிஞ்சல் மிகுந்தால் பால் விரைவில் இறங்குமெனக் கருதிப் பம்பியை முழுவலுவுடன் இயக்குவோர் பலர். இதனால் மீதமாகும் நேரம் சிறிது. விளையும் கேடோ பெரிது. காம்பின் நுனி தடித்து, அதன் வாய் சரிவர மூடாதொழியும். அவ்வழியே கிருமிகள் புகுந்து மடியழற்சியை உண்டாக்கும்.

பொறியைக் கழற்றியவுடன் காம்பு சிவந்தோ நீலம்பாரித்தோ இருத்தலும், அடியில் வளையம்போன்ற தடம் காணப்படுதலும், பசு உதைத்தலும் மிகையுறிஞ்சலின் அறிகுறிகளாகும்.

பசுக்களுக்குப் பொதுவாக 42 முதல் 50 கிலோபஸ்கால் வரையுள்ள உறிஞ்சல் போதுமானது. அங்குலம் காட்டும் மானியில் இது ஏறக்குறைய 12½ முதல் 15 வரையாகும். மெகாபஸ்கால் காட்டும் மானியில் 0.042 முதல் 0.050 வரையாகும். பொறியுடன் வந்த கைந்நூல் வேறு அளவு கூறின் அதனையே பின்பற்றுக.

குறைக்கும் முறை:

1. பம்பி நின்றிருக்கையில் மானியின் முள் பூச்சியத்தில் நிற்கின்றதா எனப் பார்க்கவும். நில்லாவிடின் மானியை மாற்றவும்.

2. காம்புக்கிண்ணங்களை அடைத்துப் பம்பியைப் பத்து நிமிடம் ஓடவிடவும்.

3. சீராக்கும் வால்வின் பூட்டுச்சுரையைத் தளர்த்தித் திருகாணியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தவும். வில்லின் இறுக்கம் குறையவே வால்வு முன்னதாகத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும்; உறிஞ்சல் தாழும். ஒவ்வொரு முறையும் முள் நிலைக்கும்வரை பொறுத்திருக்கவும்.

4. வேண்டிய அளவு வந்ததும் சுரையை இறுக்கவும். ஒரு கிண்ணத்தைச் சற்றுத் திறந்து மூடினால் முள் விரைவில் பழைய இடத்துக்கு மீளவேண்டும்.

சீராக்கும் வால்வு இல்லாத பொறியின் குழாயில் துளையிடுதல் ஆகாது. துளை எப்போதும் ஒரேயளவாகத் திறந்திருக்கும். கிண்ணம் சிறிது நழுவினாலும் உறிஞ்சல் தளம்பும். பொருத்தமான வால்வொன்றை வாங்கிப் பம்பிக்கும் பால் வாளிக்கும் இடையே பொருத்துவிக்கவும். அவ்வேளையில் மின்னிணைப்பைக் கழற்றிவிடுதல் அவசியம்.

உறிஞ்சலை மிகத் தாழ்த்துவதும் நன்றன்று. கிண்ணங்கள் நழுவி விழும். கறக்கும் நேரமும் நீளும்.

தூசி படிந்த வால்வு இறுகிவிடுமாதலின் அதனை ஒழுங்காகத் துடைக்கவும். வெடித்த இறப்பர் உறைகளை உடனே மாற்றவும். பால் நின்றதும் உறிஞ்சலை நிறுத்திய பின்னரே கிண்ணங்களைக் கழற்றுக. இவற்றைக் கைக்கொள்வோரின் பசுக்களுக்கு மடியழற்சி உண்டாகும் வாய்ப்புக் குறையும்.