உயிர்காக்கும் கைகளுக்கு வழிகாட்டும் கருவிகள்



இதயம் திடீரென நின்றுபோனால் மூளைக்குச் செல்லும் குருதியோட்டமும் நின்றுவிடுகின்றது. சில நிமிடங்களுள் மூளையின் உயிரணுக்கள் அழியத் தொடங்குகின்றன. அம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக் குருதியை ஓடச் செய்வதே அருகிலிருப்போர் ஆற்றக்கூடிய பேருதவியாகும். இதுவே சி.பி.ஆர். எனப்படும் முதலுதவியின் அடிப்படை. 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பொக்கர் ஆகிய மூவர் இம்முறையை மருத்துவ உலகிற்கு அறிவித்தனர்.

அழுத்துதல் எளிதெனத் தோன்றினும் அதற்கோர் அளவு உண்டு. வளர்ந்தவருக்கு நெஞ்சின் நடுவே 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 தடவை அழுத்துதல் வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுமையாக மேலெழ விடவேண்டும். அப்போதுதான் இதயத்தில் மீண்டும் குருதி நிரம்பும்.

பயிற்சி பெற்றோர்க்கும் இவ்வளவு கைவருதல் அரிது. ஸ்ரொக்ஹோம், லண்டன், நோர்வேயின் அக்கர்சூஸ் ஆகிய இடங்களில் அம்புலன்ஸ் பணியாளரின் சிகிச்சையைக் கருவிகளால் அளந்த ஆய்வொன்று 2005இல் வெளியாயிற்று. அழுத்தத்தின் சராசரி ஆழம் 34 மில்லிமீற்றரே எனவும், இதயம் நின்றிருந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதி அழுத்தமின்றியே கழிந்தது எனவும் அது காட்டிற்று. காரணம் அக்கறையின்மை அன்று; ஆழத்தைக் கண்ணால் மதிப்பிடுதல் கடினம்; கைகளும் விரைவில் களைத்துவிடும்.

இக்குறையை நீக்கவே வழிகாட்டும் கருவிகள் தோன்றின. கைக்கும் நெஞ்சுக்கும் இடையில் வைக்கப்படும் சிறு தகட்டினுள் முடுக்கமானி ஒன்று உள்ளது. பௌதிகப் பாடத்தில் நீங்கள் கற்பது போலவே, முடுக்கத்திலிருந்து வேகத்தையும், வேகத்திலிருந்து அழுத்திய தூரத்தையும் அது கணிக்கின்றது. ஆழம் குறைந்தால் இன்னும் அழுத்துமாறு குரல் எழுப்புகின்றது. சீரான ஒலியால் தாளமும் தருகின்றது. எனினும் மெத்தைமீது கிடப்பவரை அழுத்தினால், மெத்தை அமிழும் தூரத்தையும் சில கருவிகள் நெஞ்சின் ஆழமாகவே கணக்கிட்டுவிடும். ஆதலால் உறுதியான தரையே சிறந்தது.

சுவீடனில் உருவான லூக்காஸ் என்னும் இயந்திரம் தானே நெஞ்சை அழுத்தவல்லது. ஓடும் அம்புலன்சில் அது பெரிதும் பயன்படும். ஆயினும், கைகளால் நன்கு அழுத்துவதைவிட அது அதிக உயிர்களைக் காத்ததாகப் பெரும் ஆய்வுகள் காட்டவில்லை. கருவி துணையே; முதற்கடமை மனிதக் கைகளுக்கே உரியது.

மாணவர்களே! பொது இடங்களின் சுவர்களில் காணப்படும் மின்னதிர்ச்சிக் கருவிகளும் ஒவ்வொரு படியையும் குரலால் கூறுகின்றன. ஆனால் பெரும்பாலும் அவை பேசுவது நாம் வாழும் நாட்டின் மொழியையே. வீட்டிலுள்ள பாட்டனார், பாட்டியார்க்கு அம்மொழி விளங்காதிருக்கலாம். எனவே முறையான முதலுதவி வகுப்பில் இதனைக் கற்று, அவசர அழைப்பு எண்ணையும் அழுத்தும் முறையையும் அவர்களுக்குத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். இரு மொழி அறிந்த உங்கள் நாவும் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.