படியோலையும் மூலவோலையும்

அன்பு மகளுக்கு,

திருநாவலூரிலிருந்து நீ எழுதியது கிடைத்தது. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே நூலகத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள், போனிலேயே எல்லாம் கிடைக்கும்போது இது எதற்கு என்று கேட்டிருக்கிறாய். ஆண்டுதோறும் என் கல்லூரியில் அதேபோன்ற இரண்டு மணி நேரத்தை நடத்துகிற நூலகன் நான். இதே கேள்வியைப் பலரும் கேட்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு மாணவன் கோயில் கட்டுரையோடு வந்தான். "மூணு வெப்சைட்ல பார்த்துட்டேன் சார், மூணும் ஒண்ணாத்தான் சொல்லுது" என்றான். மூன்றையும் திரையில் பக்கம் பக்கமாகத் திறந்து வைத்தேன். மூன்றிலும் ஒரே வரியில் 'கல்வெட்டு' என்பது 'கல்வெடு' என்று இருந்தது. அவனே விரலை வைத்துக் காட்டினான். மூன்று சாட்சி என்று நினைத்திருந்தான். இருந்ததோ ஒரே ஓலையின் மூன்று படிகள்.

படி, மூலம் என்று சொன்னதும் உன் ஊர்க்காரர் சுந்தரர் நினைவுக்கு வந்திருப்பார். அவருடைய மணப்பந்தலுக்கு ஒரு கிழவர் வந்து, உன் பாட்டனார் எனக்கு எழுதிக் கொடுத்த அடிமையோலை இது என்று நீட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. கிழிந்தது படியோலைதான், மூலவோலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார் கிழவர். சபையோர் அதோடு விடவில்லை. ஓலையை வாங்கிப் படிக்க வைக்கிறார்கள். சாட்சிகளின் கையெழுத்தைப் பார்க்கிறார்கள். பிறகு சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டு கையெழுத்தையும் ஒத்துப் பார்க்கிறார்கள். கிழவராக வந்திருப்பவர் சிவபெருமான் என்று அவர்களுக்குத் தெரியாது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிவைத்த இந்தக் காட்சியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும். யார் எழுதியது, எப்போது எழுதியது, மூலமா படியா, ஒத்துப் பார்க்க வேறு ஏதும் உண்டா? என் வகுப்பில் இதற்கு மேல் பாடம் கிடையாது.

இதை நூலகர்தான் சொல்லித்தர வேண்டுமா என்றும் கேட்டிருந்தாய். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். புதிதாக நூலகத்துக்குள் வருபவரைப் பழக்கிவிடுவதையும் நூலகரின் வேலையாகவே எண்ணி எழுதினார். அவர் காலத்தில் புத்தகம் கிடைப்பது அரிது. இன்று குவிந்து கிடக்கிறது. குவியலில் தேடத்தான் ஆள் துணை அதிகம் வேண்டும்.

உன் ஊரையே எடுத்துக்கொள். 1993க்கு முன் அச்சான புத்தகம் தென்னாற்காடு மாவட்டம் என்னும். அதன் பிறகு வந்தது விழுப்புரம் என்னும். 2019 நவம்பருக்குப் பின் வந்தது கள்ளக்குறிச்சி என்னும். மூன்றும் அந்தந்த ஆண்டுக்குச் சரி. தலைப்புப் பக்கத்தைப் புரட்டி ஆண்டைப் பார்க்காதவர்தான் குழம்புவார். இன்னொன்று: ஆங்கிலேயர் காலக் கல்வெட்டு ஆய்வுகளில் 'திருநாவலூர்' என்று தேடினால் பல சமயம் கைக்கு அகப்படாது. அவர்கள் 'திருநாமநல்லூர்' என்று எழுதினார்கள். சோழர் காலத்திலோ, முதலாம் பராந்தகனின் மகன் ராஜாதித்தன் பெயரால் ராஜாதித்தபுரம் என்றும் ஊருக்குப் பெயர் வழங்கியது. தேடும் பெட்டிக்கு இது தானாகத் தெரியாது. தெரிந்தவரைக் கேட்க வேண்டும்.

நாளைக்கே உன் கல்லூரி நூலகரிடம் போ. ஊரின் மூன்று பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, எபிகிராஃபியா இண்டிகா என்னும் கல்வெட்டு இதழின் பழைய தொகுதிகளை எங்கே பார்க்கலாம் என்று கேள். அங்கே இல்லாவிட்டாலும் இணையத்தில் ஸ்கேன் செய்த பிரதி இருக்கும், எடுத்துத் தருவார். உங்கள் கோயில் கல்வெட்டில் என்ன கண்டாய் என்று எனக்கு எழுது. தொகுதி எண்ணும் பக்க எண்ணும் மறக்காமல் போடு.

அன்புடன்,
ஒரு நூலகன்