ரிவ்யூவருக்குப் பதில் எழுதுமுன்

அன்புள்ள கயல்,

கட்டுரையைத் திரும்பப் பெற்று வேறு இதழுக்கு அனுப்பப் போவதாக எழுதியிருக்கிறாய். முடிவு உன்னுடையதுதான், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் ரிவ்யூவருக்கு நீ எழுதி வைத்திருக்கும் பதிலைப் படித்தால், உன் அப்பாவின் ராஜினாமாக் கடிதத்தின் தொனி அப்படியே இருக்கிறது. அதை விடு. அதில் பாலிமர் வேதியியலாளர் ஸ்டாடிங்கரைத் துணைக்கு அழைத்திருக்கிறாயே, அதுதான் உறுத்துகிறது. ரிவ்யூவரிடம் குட்டுப்பட்டவர்கள் எல்லாருமே அவரைத்தான் இழுக்கிறார்கள். ஊரே எதிர்த்தது, 1953-இல் நோபல் வந்தது என்று கதையை முடித்துவிடுகிறார்கள்.

நடுவில் நடந்ததைப் பார். ரப்பர் நீண்ட சங்கிலி என்று 1920-இல் அவர் எழுதினார். சிறு வளையங்கள் இரட்டைப் பிணைப்புகளின் மிச்சக் கவர்ச்சியால் ஒட்டிக்கொண்ட கூட்டமே ரப்பர் என்பது வேதியியலாளர் ஹாரிஸின் கருத்து. மடத்தனமான கருத்து இல்லை அது. அப்படியானால் ஹைட்ரஜன் ஏற்றி அந்தப் பிணைப்புகளை நீக்கியதும் கூட்டம் கலைய வேண்டும், காய்ச்சி வடிக்க வர வேண்டும். 1922-இல் ஸ்டாடிங்கர் செய்து காட்டினார். கலையவில்லை, கரைசல் கூழ்மமாகவே இருந்தது. எதிராளியின் வாதத்திலிருந்தே சோதனையை எடுத்தார் என்பதுதான் அதில் கற்க வேண்டியது. அதே மனிதர், சங்கிலிகள் விறைத்த குச்சிகள் என்று பிடிவாதம் பிடித்தார். வளையக்கூடியவை என்று ஹெர்மன் மார்க்கும் வெர்னர் கூனும் சொன்னதை ஏற்கவில்லை. அவர்கள் சொன்னதுதான் நின்றது.

உன் ரிவ்யூவர் ஒளிச்சிதறல் அளவீடு கேட்பதும் நியாயம். ஜிபிசி (ஜெல் ஊடுருவல் நிறப்பகுப்பு) மூலக்கூறின் பருமனைப் பார்த்துப் பிரிக்கிறது, எடையைப் பார்த்து அல்ல. நீ தயாரித்ததோ கிளைத்த பாலிமர். அதே எடையுள்ள நேர்ச்சங்கிலியைவிட அது சுருங்கியிருக்கும், பிந்தி வெளிவரும். நேர்ச்சங்கிலிப் பாலிஸ்டைரீனை அளவுகோலாக வைத்தால் எடை குறைத்தே தெரியும். அந்த அளவீட்டைச் செய்தால் உன் எண் ஏறத்தான் வாய்ப்பு! துறையில் அந்தக் கருவி இல்லை என்கிறாய். பக்கத்து நிறுவனத்தில் கேட்டுப் பார். கிடைக்காவிட்டால், பாலிஸ்டைரீன் ஒப்பீட்டில் என்று அட்டவணையிலும் சுருக்கத்திலும் சேர்த்து, எடையைப் பற்றி அறுதியாகச் சொல்வதைக் குறைத்துக்கொள். மூன்றாம் பக்கத்தில் இருப்பதைப் படிக்காமலே இரண்டாம் ரிவ்யூவர் கேள்வி கேட்டிருக்கிறார் என்கிறாய். இருக்கலாம். அவர் கண்ணில் படாதது மற்றவர் கண்ணிலும் படாது, முதல் பக்கத்துக்குக் கொண்டு வா. கட்டுரையின் எல்லைக்கு வெளியே போகும் சோதனையைக் கேட்டால் மட்டும் காரணம் சொல்லி மறுத்துவிடு. அதில் தப்பில்லை.

உன்னிடம் மதிப்பீட்டுக்கு வந்திருக்கும் அந்தக் கட்டுரைக்கும் இந்தக் கோபத்தில் எழுதாதே. புதுமை போதாது என்று ஒரு வரியில் முடிப்பது சோம்பேறித்தனம். எந்த அளவீட்டைக் காட்டினால் நீ ஒப்புக்கொள்வாய் என்று எழுது. எழுதுகிறவனுக்கு அதுதான் உபயோகம்.

வேறு இதழுக்கே அனுப்பினாலும் எனக்கு வருத்தமில்லை. நம் வீட்டில் உன் அளவுக்குப் படித்தவர் யார்? இதெல்லாம் உனக்குத் தெரியாததா, கிழவன் சும்மா நீட்டுகிறேன். ராத்திரி வேளைக்குச் சாப்பிடு. பெரியம்மா பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறாள், கூரியரில் வரும். பொங்கலுக்கு நாலு நாள் முன்பே வந்துவிடு.

அன்புடன்,
பெரியப்பா