மாலை ஆறரை மணிக் கரண்ட்

அன்புள்ள தம்பிக்கு,

அயனம்பாக்கத்து வீடுகளில் மாலை ஆறரை மணிக்கு விளக்கு, டிவி, மிக்ஸி, ஏ.சி. என எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்குகின்றன. அப்போது செலவாகும் மின்சாரம் அதே நொடியில் எங்கோ உற்பத்தியாக வேண்டும். அதனால் ஒரு மாநிலம் எவ்வளவு மின்சாரம் தயாரிக்கிறது என்று கேட்பவர்கள், எந்த நேரத்தில் தயாரிக்கிறது என்றும் கேட்டாக வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு முதலில் கைகொடுத்தது மலைத்தண்ணீர். 1932-இல் நீலகிரியின் பைக்காரா, 1937-இல் மேட்டூர், 1944-இல் பாபநாசம். கோவையின் பஞ்சாலைகள் பெருகியதில் பைக்காராவுக்குப் பெரும் பங்குண்டு. அணையில் நீர் இருந்தால் வேண்டிய நேரத்தில் டர்பைனைச் சுழற்றலாம். மழை பொய்த்தால் கை விரிக்க வேண்டியதுதான்.

அந்தக் குறையை நிலக்கரி தீர்த்தது. நெய்வேலியில் 1962-இல் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் வந்தது. அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல் மின்நிலையத்துக்கு ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து கரி வருகிறது. பாரதீப் வரை ரயில், அங்கிருந்து எண்ணூர் வரை கப்பல். கரியை எரித்து, நீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் டர்பைனைச் சுழற்றுகிறார்கள். இரவென்றும் பகலென்றும் இல்லாமல் கரண்ட் கிடைக்கிறது. ஆனால், சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் படிந்து, மீனும் இறாலும் பிடித்து வாழ்ந்த குடும்பங்களின் பிழைப்பைக் கெடுத்தது. மின்கட்டண ரசீதில் வராத அந்த இழப்பையும் கணக்கில் சேர்ப்பதுதான் நியாயம்.

காற்றுக்குச் சாம்பல் இல்லை. தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வேகமெடுத்து வருவதால், முப்பந்தலைச் சுற்றிக் காற்றாலைகள் நிறைந்தன. இன்று மாநிலக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். எனினும் அவை முழுவீச்சில் சுழல்வது மே முதல் செப்டம்பர் வரைதான்.

2012-இல் இது எல்லோருக்கும் உறைத்தது. தேவை ஏறிக்கொண்டே போக, புதிய மின்நிலையங்கள் தாமதமாயின. காற்றுக் காலம் முடிந்ததும் பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. வடக்கிலிருந்து போதுமான மின்சாரத்தைக் கொண்டுவரத் தடங்களும் இல்லை. தென்மாநில மின்தொகுப்பு ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியே தேசியத் தொகுப்புடன் இணைந்தது 2013 டிசம்பர் 31-இல்தான்.

பிறகு சூரிய ஒளி வந்தது. கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. வெயில் நேரத்தில் தாராளமாகக் கிடைக்கும் இந்த மின்சாரம், வீடுகள் விளக்கேற்றும் பொழுதில் நின்றுவிடுகிறது.

பகலில் மிஞ்சுவதை இரவுக்குச் சேர்த்து வைக்க வழி உண்டா? உண்டு. ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து அதைச் செய்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழே உள்ள மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுகிறார்கள். தட்டுப்பாடான நேரத்தில் அதையே இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கலாம். ஏற்றச் செலவாவதைவிடத் திரும்பக் கிடைப்பது குறைவுதான். ஆனாலும் தேவையான மணி நேரத்தில் கிடைக்கிறது. தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2-இல் 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதற்கு ஒரு காடம்பாறை எந்த மூலைக்கு? நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டம் 500 மெகாவாட்டுக்குத் திட்டமிடப்பட்டுள்ளது. பெரிய பேட்டரிகளும் சேர வேண்டும்.

வீட்டிலும் செய்ய வேலை இருக்கிறது. மொட்டை மாடியில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மூன்று கிலோவாட் அமைத்தால் ஒன்றிய அரசின் மானியம் 78,000 ரூபாய். மாடி இல்லாதவர்களும் போர்வெல் மோட்டாரை நண்பகலில் போடலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மணிக்கொரு முறை உங்கள் வீட்டு மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்து வை. எந்த வேலையை வெயில் நேரத்துக்கு மாற்றலாம் என்று அம்மாவிடமும் அப்பாவிடமும் கேட்டு, பட்டியலை அடுத்த கடிதத்தில் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்